சவுத் ஆப்ரிக்காவுல டைவர்ஸ் ஆனா பென்ஷன் பணத்த எப்படி பிரிக்கிறது

நான் லாயர் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். டர்பன்ல ஒரு ரிட்டயர்மென்ட் ஃபண்டுக்கு பேப்பர் பாக்குற வேலை, டைவர்ஸ் ஆர்டர் வந்தா என் மேசை தாண்டித்தான் போகும். இங்க நம்மாளுங்க டைவர்ஸ்ல வீடு யாருக்கு, கார் யாருக்கு, கல்யாணத்துல போட்ட நகை யாருக்குன்னு மாசக்கணக்குல சண்ட போடுவாங்க, ஆனா வீட்டு மேல பாண்ட் (வீட்டுக்கடன்) இருக்கும், கார் மேல கடன் இருக்கும், நிஜமா காசு இருக்குறது அந்த மனுஷன் இருபது வருஷமா கட்டுன பென்ஷன்ல தான், அதப்பத்தி செட்டில்மென்ட் பேப்பர்ல ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரி சரியா எழுதலன்னா ஃபண்ட் ஒரு சென்ட் கூட தராது. இந்த மொத்த கதையும் அந்த ஒரு வரிய பத்தினது தான்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேஷியா எங்க இருந்தாலும் சட்டம் ஒண்ணு தான். 1979ஆம் வருஷ டைவர்ஸ் ஆக்ட், அதுல செக்ஷன் 7(7) (பென்ஷனும் பிரிக்கிற சொத்துல சேரும்ங்கறது), 7(8) (ஃபண்ட நேரா குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம்ங்கறது). கூடவே பென்ஷன் ஃபண்ட்ஸ் ஆக்ட் செக்ஷன் 37டி (ஃபண்ட் அத எப்படி கழிச்சு குடுக்கணும்ங்கறது). லாயர்கிட்ட போகும்போது இந்த மூணு நம்பர மட்டும் மனசுல வச்சுக்குங்க, நீங்க சொல்றத கேட்டு அவரே கொஞ்சம் நிமிந்து உக்காருவார்.

முதல்ல உங்க கல்யாணம் எந்த மாதிரின்னு பாருங்க

மூணு வகை. கல்யாணத்துக்கு முன்னாடி எந்த கான்ட்ராக்டும் போடலன்னா நீங்க "இன் கம்யூனிட்டி ஆஃப் ப்ராபர்ட்டி". ரெண்டு பேர் சொத்தும் ஒரே மூட்டை, கடனும் அதே மூட்டை. பென்ஷனும் அதுக்குள்ள வந்துடும், பாதி உங்களுக்கு. இதுல நெறைய பேருக்கு தெரியாத விஷயம் என்னன்னா கல்யாணத்துக்கு முன்னாடி கட்டுன வருஷங்களும் சேர்ந்து தான் வரும். 25 வருஷம் வேலை பாத்தவரு கடைசி மூணு வருஷம் தான் கல்யாண வாழ்க்கைன்னாலும், டைவர்ஸ் தேதில இருக்குற மொத்த "பென்ஷன் இன்ட்ரஸ்ட்"டும் (அன்னிக்கு ஃபண்ட்ல அவர் பேர்ல சேந்திருக்குற தொகை) கணக்குல வரும். இது அநியாயம்னு தோணுனா டைவர்ஸ் ஆக்ட் செக்ஷன் 9 இருக்கு, "ஃபார்ஃபிச்சர்"னு, அதாவது எதிராளி அந்த பங்க இழக்கணும்னு கேக்கணும், கல்யாணம் எத்தனை வருஷம் இருந்துச்சு, எதனால முறிஞ்சுது, யாரோட தப்பு எவ்வளவு பெருசு, இதெல்லாம் பாத்து கோர்ட் முடிவு பண்ணும். கேக்காம தானா கெடைக்காது.

ரெண்டாவது, ஏஎன்சி போட்டு "அக்ரூவல்" வச்சிருக்கிறவங்க. (ஏஎன்சின்னா இங்க அந்த பேர்ல இருக்குற அரசியல் கட்சி இல்ல, ஆன்ட்டிநப்ஷியல் கான்ட்ராக்ட், கல்யாணத்துக்கு முன்னாடி போடற சொத்து ஒப்பந்தம்.) இதுல பென்ஷன்ல பாதின்னு நேரா கேக்க முடியாது. கல்யாண நாள்ல இருந்து ஒவ்வொருத்தர் சொத்தும் எவ்வளவு வளந்திருக்குன்னு பாப்பாங்க, அந்த வளர்ச்சில பென்ஷன் இன்ட்ரஸ்டும் ஒரு பகுதியா நிக்கும். அவரு சொத்து 15 லட்சம் ரேண்ட் வளந்திருக்கு, அதுல 9 லட்சம் பென்ஷன், உங்களது 5 லட்சம் வளந்திருக்குன்னு வைங்க. வித்தியாசம் 10 லட்சம், அதுல பாதி 5 லட்சம் உங்களுக்கு. அந்த 5 லட்சத்த அவரு கையில காசா தரலாம், வீட்டுல அவரோட பங்க விட்டுக்கொடுக்கலாம், இல்லன்னா பென்ஷன்ல இருந்து தரச் சொல்லி ஆர்டர் வாங்கலாம். அப்போ ஆர்டர்ல 50%னு எழுதக்கூடாது, 5 லட்சம் ரேண்ட்னு தொகையாவே எழுதணும், புரியுதா.

மூணாவது, 1984 நவம்பர் 1க்கு அப்புறம் ஏஎன்சி போட்டு அக்ரூவலும் வேணாம்னு கையெழுத்து போட்டவங்க. செக்ஷன் 7(7)(சி) படி இவங்களுக்கு பென்ஷன் இன்ட்ரஸ்ட் கணக்குலயே வராது. ஆனா 2023 அக்டோபர்ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. 1984க்கு முன்னாடி கல்யாணம் பண்ணவங்க மட்டும் தான் ஒருத்தர் சொத்த இன்னொருத்தருக்கு பிரிச்சு குடுங்கன்னு கோர்ட்ட கேக்கலாம்னு இருந்துச்சு, அந்த தேதி பாகுபாடு அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிட்டாங்க. அதனால மாமியார் வீட்டு பிசினஸ்ல சம்பளமே இல்லாம இருபது வருஷம் ஒழச்சுட்டு "நான் ஏஎன்சில கையெழுத்து போட்டுட்டேன், எனக்கு ஒண்ணும் கெடைக்காது"ன்னு உக்காந்திருக்கிற அக்காங்க, போய் ஒரு லாயர பாருங்க. இது பென்ஷன் ஃபண்ட் வழியா வர்றது இல்ல, டைவர்ஸ் கேஸ்லயே தனியா கேக்க வேண்டியது, ஆனா வழி இருக்கு.

கோயில்ல தாலி கட்டினது மட்டும் போதுமா

நம்ம ஜனங்களுக்கு இது தான் பெரிய பள்ளம். கோயில்லயோ ஹால்லயோ அய்யர் வச்சு தாலி கட்டி, ஐநூறு பேருக்கு சாப்பாடு போட்டு கல்யாணம் பண்ணிருப்பீங்க. அந்த பூசாரி மேரேஜ் ஆஃபீசரா இருந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி ஹோம் அஃபேர்ஸ்ல (கல்யாணம், ஐடி பதியற அரசாங்க ஆஃபீஸ்) பதிஞ்சிருந்தா சரி. பதியலன்னா சட்டத்துக்கு அது சிவில் கல்யாணம் இல்ல, டைவர்ஸ் ஆக்ட் அப்படியே வந்து பொருந்தாது. 2007ல டர்பன் ஹைகோர்ட்ல இதே மாதிரி இந்து சடங்குப்படி மட்டும் நடந்த கல்யாணத்துக்கு டைவர்ஸ் கேட்டு போனவங்களுக்கு கெடைக்கல. முஸ்லிம் கல்யாணங்களுக்கு 2022 கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் தீர்ப்பு, அப்புறம் 2024ல டைவர்ஸ் ஆக்ட் திருத்தம்னு வந்து வழி தெறந்துச்சு, இந்து கல்யாணத்துக்கு அப்படி தனியா ஒரு சட்டம் வரல. ஆனா நல்ல செய்தி ஒண்ணு: செக்ஷன் 37டில மத முறைப்படி நடந்த கல்யாணத்தோட சொத்த பிரிச்சு கோர்ட் ஆர்டர் போட்டா அதையும் ஃபண்ட் ஏத்துக்கும்னு இருக்கு. கோர்ட் ஆர்டர் வாங்குறது தான் கஷ்டமான பாதி. இந்த நிலைமைல இருக்கறவங்க தானா எதுவும் பண்ணாதீங்க, லாயர் கட்டாயம். காசு இல்லன்னா லீகல் எய்ட் சவுத் ஆப்ரிக்கா இருக்கு, வருமானம் பாத்து இலவசமா உதவுவாங்க.

அப்புறம் தமிழ்நாட்டுல கல்யாணம் பண்ணிட்டு ஜோபர்க், மிட்ராண்ட் பக்கம் ஐடி வேலைக்கு வந்த தம்பி தங்கச்சிங்களுக்கு. நீங்க இங்க ஏஎன்சி போடல, அதனால இன் கம்யூனிட்டின்னு நெனச்சுக்காதீங்க. கல்யாணம் நடந்தப்போ புருஷனோட நிரந்தர இருப்பிடம் எந்த நாடோ அந்த நாட்டு சொத்து சட்டம் தான் பொதுவா பாப்பாங்க, இந்தியான்னா அவங்கவங்க சொத்து அவங்கவங்களுக்கு. இன்னொண்ணு, சென்னை ஃபேமிலி கோர்ட்ல டைவர்ஸ் வாங்கிட்டு அந்த பேப்பர இங்க ஃபண்டுக்கு அனுப்பினா அத வச்சு ஃபண்ட் காசு தராது. இங்க உள்ள கோர்ட் ஆர்டர் வேணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்க டோமிசைல் (நிரந்தர இருப்பிடம்) ஆகிருந்தாலோ, ஒரு வருஷமா இங்கயே வசிச்சிருந்தாலோ இங்கயே டைவர்ஸ் போட முடியும், பென்ஷன் இங்க இருக்குன்னா எங்க கேஸ் போடறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே இத யோசிங்க.

எந்தெந்த ஃபண்ட்ல காசு இருக்குன்னு தேடுங்க

பேஸ்லிப்ப எடுங்க. பிடிப்பு பக்கத்துல பென்ஷன்னோ ப்ராவிடெண்ட்னோ எழுதிருக்கும். ஆனா ஃபண்டோட முழுப்பேரு அதுல இருக்காது, வருஷா வருஷம் வர்ற பெனிஃபிட் ஸ்டேட்மென்ட்ல தான் இருக்கும். ஃபண்ட நடத்துற நிறுவனம் பேரு வேற, ஃபண்டோட பேரு வேற, கம்பெனி பேரு வேற. இந்த மூணையும் போட்டு குழப்பறது தான் நான் பாக்குற ஆர்டர்ல ரொம்ப சகஜம். ஆர்டர்ல "அவர் வேலை பாக்குற கம்பெனி பென்ஷன்ல பாதி"ன்னு எழுதிட்டு வருவாங்க. கம்பெனி வேற, ஃபண்ட் வேற, சட்டப்படி ஃபண்ட் தனி ஆள்.

பழைய வேலைங்களையும் கேளுங்க. ஒருத்தர் மூணு எடத்துல வேலை பாத்திருப்பாரு, முதல் எடத்துல விட்டுட்டு வந்த காசு ப்ரிசர்வேஷன் ஃபண்ட்ல (பழைய வேலை பென்ஷன் காச வச்சிருக்குற ஃபண்ட்) கெடக்கும், தனியா ஒரு ரிட்டயர்மென்ட் அன்யூவிட்டியும் (கம்பெனி வழியா இல்லாம தானா கட்டுற பென்ஷன்) போட்டிருப்பாரு. கேட்டு வாங்காம விட்ட பழைய காசு இருக்கான்னு பாக்க எஃப்எஸ்சிஏ (ஃபண்டுங்கள மேற்பார்வை பாக்குற அமைப்பு) வெப்சைட்ல ஒரு சர்ச் இருக்கு, ஐடி நம்பர் போட்டு தேடலாம்.

இது ஒரு பக்கமா போற விஷயம்னும் நெனைக்காதீங்க. டர்பன்ல துணி ஃபேக்டரில வருஷக்கணக்கா தச்ச பொம்பளைங்க எத்தனை பேரு, அவங்களுக்கும் ப்ராவிடெண்ட் ஃபண்ட் இருக்கு, டீச்சர், நர்ஸ் வேலை பாக்குறவங்களுக்கு புருஷனவிட பெரிய பென்ஷன் இருக்கும். இன் கம்யூனிட்டின்னா அதுலயும் பாதி அவருக்கு போகும். அதனால ரெண்டு பேரோட ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல வச்சு கணக்கு போடுங்க, சில சமயம் ஒண்ணுக்கொண்ணு கழிச்சுட்டு வித்தியாசத்த மட்டும் ஒரு ஃபண்ட்ல இருந்து எடுக்கறது சுலபமா இருக்கும்.

ஃபண்ட்கிட்ட "டைவர்ஸ் தேதிக்கு பென்ஷன் இன்ட்ரஸ்ட் எவ்வளவு"ன்னு எழுத்துல கேக்கணும். பென்ஷன் இன்ட்ரஸ்ட்னா வட்டி இல்ல, அன்னிக்கு ஃபண்ட்ல அந்த ஆள் பேர்ல சேந்திருக்குற தொகைன்னு வச்சுக்கலாம். கணக்கு ஃபண்டுக்கு ஃபண்ட் மாறலாம், அதனால நீங்களா ஸ்டேட்மென்ட்ட பாத்து பாதி போடாதீங்க. ஃபண்ட்ல ஹவுசிங் லோன் வாங்கிருந்தா அதையும் சேத்து கேளுங்க, கையில வர்றது கொறையும். மெம்பர் (ஃபண்ட்ல காசு கட்டுறவர்) இல்லாத ஆள் ஃபோன் பண்ணா விவரம் சொல்ல மாட்டாங்க, லாயர் மூலமா கேஸ் பேப்பரோட கேக்கணும், அதுக்கும் மசியலன்னா கோர்ட் வழியா சப்பீனா (பேப்பர கொண்டு வான்னு கோர்ட் உத்தரவு).

காசு ஓடிப்போறதுக்கு முன்னாடி

இது அவசரமான பகுதி, கேஸ் போட்ட அன்னிக்கே பண்ண வேண்டியது.

2024 செப்டம்பர் 1ல இருந்து டூ-பாட் சிஸ்டம் வந்துச்சு, எல்லாருக்கும் தெரியும், ஏன்னா அந்த மாசம் ஊர்ல எல்லாருமே சேவிங்ஸ் பாட்ல இருந்து காசு எடுத்தாங்க. கட்டுற காசுல மூணுல ஒரு பங்கு சேவிங்ஸ்ல போகும், வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கலாம், மிச்சம் ரெண்டு பங்கு ரிட்டயர்மென்ட் வரைக்கும் பூட்டு. டைவர்ஸ் நடக்குதுன்னா ஒருத்தர் கோவத்துல சேவிங்ஸ் பாட்ட தொடச்சு எடுத்துடுவாரு. அத நிறுத்த வழி இருக்கு: கேஸ் போட்டதுக்கான சம்மன்ஸ் காப்பியோட ஃபண்டுக்கு எழுத்துல நோட்டீஸ் குடுங்க. அந்த நோட்டீஸ் போனதும் உங்க சம்மதம் இல்லாம சேவிங்ஸ் காசையும் குடுக்கக் கூடாது, புதுசா லோனும் குடுக்கக் கூடாது, கோர்ட் ஆர்டர் வர்ற வரைக்கும். இமெயில்ல அனுப்பி, கெடச்சதுன்னு பதில் வாங்கி வச்சுக்குங்க. வாட்ஸ்ஆப்ல ஹெச்ஆர் ஆள்கிட்ட சொன்னேன்கறது நோட்டீஸ் ஆகாது.

இதவிட பெருசு, ஆள் வேலையவே விட்டுடறது. டைவர்ஸ் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி அவரு ரிசைன் பண்ணி காசு எடுத்துட்டாருன்னா, ரிட்டயர் ஆயிட்டாருன்னா, அப்புறம் "பென்ஷன் இன்ட்ரஸ்ட்"னு ஒண்ணே இல்ல. 7(8) ஆர்டர் போட்டு ஃபண்ட்ட குடுன்னு சொல்ல முடியாது. அவரு கையில வந்த காசு சொத்துல ஒரு பகுதி, அத அவர்கிட்ட தான் கேக்கணும், அதுக்குள்ள அது காரா மாறிருக்கும், இல்ல தம்பி பேர்ல இருக்கும். ரிசைன் பண்ணப் போறாருன்னு வாடை அடிச்சா உடனே லாயர்கிட்ட இன்டர்டிக்ட் கேக்கச் சொல்லுங்க, டைவர்ஸ் முடியற வரைக்கும் ஃபண்ட் காச வெளிய விடக்கூடாதுன்னு கோர்ட் தடை போடும்.

ஏற்கனவே ரிட்டயர் ஆகி லிவிங் அன்யூவிட்டி (முதல போட்டு வச்சு அதுல இருந்து வருமானம் வாங்கற திட்டம்) வாங்கறவருன்னா அந்த முதல் நேரா பிரிக்க முடியாது, ஆனா மாசா மாசம் வர்ற வருமானத்துக்கான உரிமைக்கு ஒரு மதிப்பு இருக்கு, அத அக்ரூவல் கணக்குல சேக்கலாம்னு 2020ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் சொல்லிருக்கு. அந்த மதிப்ப போட ஆக்சுவரி (பென்ஷன், இன்ஷூரன்ஸ் கணக்கு நிபுணர்) வேணும், செலவு ஆகும்.

அந்த ஒரு வரி

ஆர்டர் இங்கிலீஷ்ல தான் இருக்கும், அர்த்தத்த மட்டும் தமிழ்ல சொல்றேன். மூணு விஷயம் இருக்கணும். ஒண்ணு, "பென்ஷன் இன்ட்ரஸ்ட்"கற வார்த்தை அப்படியே, டைவர்ஸ் ஆக்ட்ல இருக்குற மாதிரி. ரெண்டு, ஃபண்டோட பேரு, மெம்பர் நம்பரோட இருந்தா இன்னும் நல்லது. மூணு, அந்த ஃபண்ட் இவ்வளவு சதவீதம் அல்லது இவ்வளவு ரேண்ட் மெம்பர் இல்லாத துணைக்கு குடுக்கணும், ரெக்கார்ட்ல குறிச்சு வைக்கணும்னு ஃபண்டுக்கு நேரடியா உத்தரவு.

இப்படி இருக்கும்: "வாதியோட இன்ன ஃபண்ட்ல உள்ள பென்ஷன் இன்ட்ரஸ்ட்ல, டைவர்ஸ் தேதியில கணக்கிட்டபடி, 50 சதவீதம் பிரதிவாதிக்கு சேரணும், டைவர்ஸ் ஆக்ட் செக்ஷன் 7(8) படி அந்த ஃபண்ட் அதை பிரதிவாதிக்கு குடுக்கணும், ஃபண்டோட ரெக்கார்ட்ல இது பதியப்படணும்." இவ்வளவு தான். ஒரு பத்தி கூட இல்ல.

இப்போ எங்ககிட்ட திரும்பிப் போற ஆர்டருங்க எப்படி இருக்கும்னு சொல்றேன். "பென்ஷன் பெனிஃபிட்ல பாதி", "பென்ஷன் ப்ரொசீட்ஸ்ல பாதி", "ரிட்டயர் ஆகும்போது கெடைக்கிறதுல பாதி", "ரெண்டு பேரும் சமமா பிரிச்சுக்குவாங்க"ன்னு மொட்டையா ஒரு வரி, "அவர் அவளுக்கு குடுப்பார்"னு எழுதிட்டு ஃபண்ட்ட பத்தி பேச்சே இல்லாம. கடைசியா சொன்னதுல கோர்ட் உத்தரவு போட்டது மனுஷனுக்கு, ஃபண்டுக்கு இல்ல. ஃபண்ட் நல்லவங்க கெட்டவங்கன்னு பாத்து திருப்பல, ட்ரஸ்டிங்க தப்பான ஆர்டர்ல காசு குடுத்தா நாளைக்கு மெம்பர் வந்து எங்க மேலயே கேஸ் போடுவாரு.

அதுக்கப்புறம் என்ன பண்ணணும், திரும்ப கோர்ட்டுக்கு போய் ஆர்டர திருத்தணும், திரும்ப லாயர் ஃபீஸ், அதுவும் முன்னாள் புருஷன் இப்ப ஒத்துழைக்க மாட்டாரு, ஏன்னா அவருக்கு என்ன அவசரம்.

செட்டில்மென்ட் அக்ரிமென்ட்ல எழுதிருக்கு, அது போதும்னு சொல்வாங்க. அந்த அக்ரிமென்ட்ட கோர்ட் தன் ஆர்டரா ஏத்துகிட்டதுன்னு டிக்ரீல (டைவர்ஸ் தீர்ப்பு) இருக்கணும். இல்லன்னா அது ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள ஒப்பந்தம் மட்டும் தான். பெரியவங்க நாலு பேரு ஹால்ல உக்காந்து பேசி, மாமா எழுதி எல்லாரும் கையெழுத்து போட்ட பேப்பரும் எனக்கு வந்திருக்கு. அவங்க நியாயமாத்தான் பேசிருந்தாங்க. ஃபண்டுக்கு அது வெறும் பேப்பர்.

அதனால நான் யாரு கேட்டாலும் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, டிராஃப்ட்லயே, அந்த பத்திய மட்டும் ஃபண்டுக்கு இமெயில் பண்ணி "இப்படி ஆர்டர் வந்தா குடுப்பீங்களா"ன்னு கேளுங்க. நெறைய ஃபண்டுங்க பாத்து சொல்லுவாங்க, சிலர் அவங்க மாதிரி வரியவே அனுப்புவாங்க. இத பண்ற லாயருங்க ரொம்ப கம்மி, ஏன்னே எனக்கு புரியல.

ஆர்டர்ல பென்ஷன பத்தி ஒண்ணுமே எழுதலன்னா? இன் கம்யூனிட்டின்னா பாதி உங்களோடது தான், எழுதாம விட்டாலும் அது கூட்டுச் சொத்துல தானா அடங்கும்னு 2016ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் சொல்லிடுச்சு. ஆனா ஃபண்ட்ல இருந்து நேரா வாங்கணும்னா 7(8) வரி வேணும், அதுக்கு கோர்ட்டுக்கு திரும்பப் போகணும்.

கேஸ் ஹைகோர்ட்ல தான் போடணும்னு இல்ல, 2010ல இருந்து ரீஜனல் கோர்ட்லயும் டைவர்ஸ் கெடைக்குது, செலவு கம்மி, அந்த ஆர்டரும் ஃபண்டுக்கு செல்லும்.

ஆர்டர் கெடச்சதுக்கு அப்புறம்

முன்னாடியெல்லாம் மெம்பர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் காத்திருக்கணும், அதுவரைக்கும் உங்க தொகை அப்படியே தூங்கும். 2007ல சட்டம் மாத்தி "க்ளீன் ப்ரேக்"னு கொண்டு வந்தாங்க, இப்போ உடனே வாங்கிக்கலாம். ஆனா தானா வராது, நீங்க தான் கொண்டு போய் குடுக்கணும். டிக்ரீயோட சர்ட்டிஃபைட் காப்பி, செட்டில்மென்ட் அக்ரிமென்ட், ஐடி, பேங்க் ஸ்டேட்மென்ட், சார்ஸ் (வரித்துறை) டாக்ஸ் நம்பர். வேலைக்கே போகாத ஆன்ட்டிங்களுக்கு டாக்ஸ் நம்பர் இருக்காது, அத முதல்லயே எடுத்து வைங்க, இங்க தான் நெறைய பேரு மாட்டுவாங்க. பேரு மாத்தறதா இருந்தாலும் பேங்க், ஐடி, ஆர்டர் மூணுலயும் ஒரே பேரு வர்ற மாதிரி பாத்துட்டு ஹோம் அஃபேர்ஸ் போங்க.

நீங்க ஆர்டர ஃபண்டுக்கு குடுத்த 45 நாளுக்குள்ள அவங்க உங்கள கேக்கணும்: காசா வேணுமா, வேற ஃபண்டுக்கு மாத்தணுமா. நீங்க 120 நாளுக்குள்ள பதில் சொல்லணும். சொன்னதும் 60 நாளுக்குள்ள அவங்க முடிக்கணும். நீங்க பதிலே சொல்லலன்னா 120 நாள் தாண்டி 30 நாளுக்குள்ள காசா குடுத்துடுவாங்க, டாக்ஸ் புடிச்சுட்டு. டைவர்ஸ் தேதில இருந்து காசு உங்க பேர்ல வளந்துகிட்டே இருக்கும்னு நெனச்சு பேப்பர டிராயர்ல போட்டு வைக்காதீங்க, அப்படி வளராது.

டூ-பாட் வந்ததால உங்க பங்கு மெம்பரோட எல்லா பாட்ல இருந்தும் விகிதப்படி கழியும். மெம்பரால தொட முடியாத ரிட்டயர்மென்ட் பாட் பங்கையும் நீங்க காசா எடுக்கலாம், அது ஒரு விசித்திரம்.

காசா எடுக்கறதா, மாத்தறதா

டாக்ஸ் உங்க தலைல தான், மெம்பர் தலைல இல்ல. 2023 மார்ச்ல இருந்து இருக்குற வித்ட்ராயல் டேபிள்படி முதல் 27,500 ரேண்டுக்கு டாக்ஸ் இல்ல, அதுக்கு மேல 7,26,000 வரைக்கும் 18 சதவீதம், அதுக்கும் மேல 27, அப்புறம் 36. எடுக்கற வருஷத்துல டேபிள் மாறிருக்கான்னு சார்ஸ் சைட்ல ஒரு தடவ பாத்துக்குங்க. அவரோட பென்ஷன் இன்ட்ரஸ்ட் 12 லட்சம், உங்களுக்கு பாதி 6 லட்சம்னா, 27,500 போக 5,72,500ல 18 சதவீதம், 1,03,050 ரேண்ட் போயிடும். கையில 4,96,950. நீங்க முன்னாடி வேற ஃபண்ட்ல இருந்து காசு எடுத்திருந்தா அதையும் கூட்டி பாப்பாங்க, டாக்ஸ் ஏறும். சார்ஸுக்கு பழைய பாக்கி இருந்தா அதையும் இதுலயே புடிச்சுக்குவாங்க.

அது மட்டும் இல்ல. ரிட்டயர் ஆகும்போது எல்லாருக்கும் 5,50,000 ரேண்ட் வரைக்கும் டாக்ஸ் இல்லாம எடுக்கற சலுகை இருக்கு. இப்போ 6 லட்சம் எடுத்தா அந்த சலுகைய இப்பவே தின்னுட்டீங்கன்னு அர்த்தம், உங்க சொந்த பென்ஷன் வரும்போது முதல் ரேண்ட்ல இருந்தே டாக்ஸ். இத கவுன்டர்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

ப்ரிசர்வேஷன் ஃபண்டுக்கோ ரிட்டயர்மென்ட் அன்யூவிட்டிக்கோ, இல்ல உங்க சொந்த கம்பெனி ஃபண்டுக்கோ மாத்துனா டாக்ஸ் ஒரு சென்ட் இல்ல. என் அபிப்பிராயம், வாடகை டெபாசிட், பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ்னு அவசரத்துக்கு எவ்வளவு வேணுமோ அத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த மாத்துங்க, கொஞ்சம் காசு கொஞ்சம் மாத்தல்னு பிரிச்சு பண்ண முடியுமான்னு ஃபண்ட்கிட்ட கேளுங்க. ஆனா ஐம்பது வயசுல கடனோட நிக்கிற ஒரு பொம்பளைய பாத்து "காச எடுக்காதே"ன்னு புத்தி சொல்றவங்கள எனக்கு புடிக்காது, முப்பது சதவீத வட்டில கடன் இருந்தா அத அடைக்கிறது தான் நல்ல கணக்கு.

கவர்ன்மென்ட் வேலைன்னா

டீச்சர், நர்ஸ், போலீஸ், ஹெல்த் டிபார்ட்மென்ட் எல்லாம் ஜிஇபிஎஃப் (கவர்ன்மென்ட் எம்ப்ளாயீஸ் பென்ஷன் ஃபண்ட்). அது பென்ஷன் ஃபண்ட்ஸ் ஆக்ட்டுக்கு கீழ வராது, தனிச் சட்டம். அங்க க்ளீன் ப்ரேக் பின்னாடி தான் வந்துச்சு, 2011 திருத்தத்துல. அங்க ஃபார்ம்ஸ் வேற, மேல நான் சொன்ன நாள் கணக்க அப்படியே அங்க வைக்காதீங்க. மெம்பர் பக்கம் தான் அங்க சுவாரஸ்யம்: துணைக்கு குடுத்த தொகைக்கு ஈடா மெம்பரோட சர்வீஸ் வருஷங்கள வெட்டுவாங்க. 28 வருஷ டீச்சருக்கு திடீர்னு சர்வீஸ் பாதியா தெரிஞ்சா எப்படி இருக்கும். இன்னொரு முறை "டைவர்ஸ் டெட்", வருஷத்த வெட்டாம கடனா எழுதி வைக்கிறது, வட்டி ஏறும், வேலைய விட்டு போகும்போது கழிச்சுக்குவாங்க; உங்களுக்கு எது பொருந்தும்னு ஜிஇபிஎஃப்கிட்ட கேளுங்க. கடனா இருந்து நெறைய வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கறவங்க வட்டிய நல்லா கணக்கு போட்டு பாருங்க.

ஃபண்ட் இழுத்தடிச்சா

முதல்ல ஃபண்டுக்கே எழுத்துல கம்ப்ளெயின்ட். 30 நாள் குடுங்க. பதில் வரலன்னா, வந்த பதில் சரியில்லன்னா பிரிட்டோரியால உள்ள பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டருக்கு (ஃபண்ட் மேல வர்ற புகார விசாரிச்சு முடிவு சொல்றவர்) போங்க, இலவசம், லாயர் தேவையில்ல, ஆனா பிரச்சனை நடந்து மூணு வருஷத்துக்குள்ள போகணும். ஜிஇபிஎஃப் விஷயத்துக்கு அங்க போனா திருப்பி விட்டுடுவாங்க, அதுக்கு கவர்ன்மென்ட் எம்ப்ளாயீஸ் பென்ஷன் ஆம்பட்னு புகார் விசாரிக்கிற ஆஃபீஸ் தனியா இருக்கு. ஆர்டர் வரியே தப்புன்னா அட்ஜுடிகேட்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, கோர்ட் தான் திருத்தணும்.

ரெண்டு பக்கமும் பண்ண வேண்டிய ஒரு வேலை மிச்சம் இருக்கு. ஃபண்ட்ல நாமினேஷன் ஃபார்ம்ல பழைய துணை பேரு அப்படியே கெடக்கும், மாத்துங்க. மெம்பர் செத்தா யாருக்கு எவ்வளவுன்னு ட்ரஸ்டிங்க தான் செக்ஷன் 37சி படி முடிவு பண்ணுவாங்க, ஃபார்ம் ஒரு வழிகாட்டி தான், ஆனா பழைய பேரு இருந்தா புது குடும்பம் எங்க ஆஃபீஸ் வாசல்ல மாசக்கணக்குல நிக்கணும். உயில் எழுதிருந்தா அது இன்னும் மோசம்: டைவர்ஸ் ஆன மூணு மாசத்துக்குள்ள செத்தா தான் முன்னாள் துணைக்கு எழுதினது ரத்துன்னு சட்டம் எடுத்துக்கும், மூணு மாசம் தாண்டிட்டா நீங்க வேணும்னே விட்டு வச்சதா அர்த்தம், எழுதினபடி அவங்களுக்கே போகும்.